250க்குக் கீழே

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 46ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் முதலாளி கேன்டீன் வைத்தாக வேண்டும் என்று விதி போடும் அதிகாரத்தை அது மாநில அரசுக்குக் கொடுத்தது. அடுத்தது 47ஆம் பிரிவு. 150 பேரைத் தாண்டினால் உட்கார்ந்து சாப்பிட ஓர் அறையும் குடிதண்ணீரும் கொடுக்க வேண்டும் என்றது அது. 150க்கும் கீழே இருக்கிற பட்டறைக்காரன் மத்தியானச் சோற்றை எங்கே உட்கார்ந்து தின்பான், டீயை எங்கே குடிப்பான்? அதைப் பற்றி அந்த இரண்டு பிரிவுகளும் வாய் திறக்கவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த இடமெல்லாம் பத்துப் பேர், இருபது பேர், மிஞ்சினால் நாற்பது பேர் இருந்த பட்டறைகள்தான். எங்கள் கேன்டீன் தெருவில் இருந்தது.

சென்னையின் ஹோட்டல் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜார்ஜ் டவுனில் தொடங்கி, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மாம்பலம் என்று சுற்றி முடித்துவிடுவார்கள். பாடி மேம்பாலத்தைத் தாண்டி மேற்கே யாரும் வருவதில்லை. இங்கே பேர்பெற்ற ஹோட்டல் குடும்பம் இல்லை. சுவரில் மாட்டிவைக்கப் பழைய படமும் இல்லை. சங்கு ஊதும் நேரம், ஷிப்ட் மாறும் நேரம், சம்பளத் தேதி, சட்டத்தில் இருந்த ஓர் எண்ணிக்கை ஆகியவற்றால் உண்டான கடைகள் இவை. அதனாலேயே இவற்றின் கதையை எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆலைகள் வருவதற்கு முன்பு இந்தப் பக்கம் ஏரியும் வயலும்தான். பூந்தமல்லி மட்டும் பழைய ஊர். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர், வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர், பட்டணத்திலிருந்து மேற்கே போகிற சாலையில் வண்டிமாடு அவிழ்த்துக் கட்டும் ஊர். வெள்ளைக்காரன் அங்கே படையும் வைத்திருந்தான். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியபோது, தண்டவாளம் பூந்தமல்லியை விட்டு விலகி, அம்பத்தூர், ஆவடி வழியாகப் போனது. பூந்தமல்லி சாலையூராகவே நின்றுவிட்டது; பின்னாளில் ஆலைகள் ரயில் பாதையை ஒட்டி வந்தன. இன்றைக்கும் பூந்தமல்லிக் கடைகள் பஸ்காரர்களை நம்பியும், அம்பத்தூர்க் கடைகள் ஷிப்ட்காரர்களை நம்பியும் நடப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

காபி இந்த நிலத்துக்குப் புதிது. காபி எப்படித் தமிழ்க் குடும்பத்துக்குள் புகுந்தது, அது யாருடைய பானமாக இருந்தது என்பதையெல்லாம் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் எழுதியிருக்கிறார். காபி நடுத்தர வர்க்கத்துக்கு, டீ உழைப்பாளிக்கு என்று ஒரு கோடு விழுந்தது. காபி கிளப்புகள் பலவற்றில் பிராமணாள் மட்டும் என்ற ஏற்பாடு இருந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் இருந்த தனி இடத்தை 1941இல்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகும் ஹோட்டல் பலகையில் சாதிப் பெயர் தொங்கியது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியார் நடத்திய மறியலில் பல மாதங்கள் ஆட்கள் கைதாகிக்கொண்டே இருந்தார்கள். டீயின் பாதை வேறு. 1930களில் தேயிலை விற்பனையைப் பெருக்குவதற்கென்றே இருந்த வாரியம், மில் வாசல்களிலும் சந்தைகளிலும் டீ போட்டுக் காட்டி, இலவசமாகக் கொடுத்துப் பழக்கியது. விற்பனைத் தந்திரம்தான், ஆனால் டீ எல்லாருக்கும் பொது என்கிற எண்ணத்தையும் அது கூடவே கொண்டுவந்தது.

எல்லாருக்கும் என்றா சொன்னேன்? செய்யாறு பக்கத்தில் என் ஊர் டீக்கடையில் எங்களுக்கான கிளாஸ் கூரைக் கீற்றில் செருகியிருக்கும். போய் நின்று, அதை எடுத்துத் திண்ணைக்குக் கீழே நீட்ட வேண்டும். கடைக்காரர் உயர ஊற்றுவார். குடித்துவிட்டு நாமே கழுவி மறுபடியும் கீற்றில் செருகிவிட்டு வர வேண்டும். என் அப்பா அப்படித்தான் குடித்தார், நானும் அப்படித்தான் குடித்தேன். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடையிலும் ஹோட்டலிலும் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்று 1950லேயே சொல்லிவிட்டது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. அதே 1955 ஜனவரியில்தான் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. எங்கள் ஊர்க் கூரைக்கு இது எதுவும் எட்டவில்லை.

ஆவடித் தீர்மானம் காகிதத்தோடு நின்றது என்று சொல்ல மாட்டேன். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் முன்பே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்து ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியேறியது. காமராஜர் அமைச்சரவையில் தொழில் துறையைப் பார்த்த ஆர். வெங்கட்ராமன் காலத்தில் முதலில் கிண்டியிலும், பிறகு அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் வந்தன. அம்பத்தூர்ப் பேட்டை ஆயிரம் ஏக்கருக்கு மேல். பெரிய ஆலைக்கு நட்டும் வாஷரும் பிராக்கெட்டும் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறைகள்தான் அங்கே நிறைய. என்னைப் போல் ஐ.டி.ஐ. முடித்த பையன்களுக்குப் படியளந்தது அந்த ஏற்பாடு.

எழுபதுகளின் கடைசியில் நான் பட்டறவாக்கம் ஸ்டேஷனில் இறங்கினேன். ஒரு பிரஸ் டூல் பட்டறையில் ஹெல்ப்பர் வேலை. பட்டறை முனையில் ஒரு நாயர் கடை. பத்தரை மணிக்கு எல்லாப் பட்டறையிலும் மெஷினை நிறுத்துவார்கள். ஒரே நேரத்தில் ஐம்பது அறுபது பேர் அந்தப் பத்தடிக் கடை முன்னால் நிற்பார்கள். “சேட்டா ஒரு டீ”, “நமக்கு லைட்டா”, “சக்கர தூக்கலா”, “ஒன் பை டூ” என்று சத்தம். நான் கொஞ்சம் தள்ளி, கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். “என்ன பையா, டீயா காப்பியா?” என்று கேட்டுவிட்டு, எனக்கு முன்னால் எங்கள் ஃபோர்மேன் குடித்து வைத்த கிளாஸையே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, டீயை ஆற்றி என் கையில் கொடுத்தார் அவர். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் பார்க்க ஒன்றும் இல்லை அவர்களுக்கு. எனக்கு உடம்பெல்லாம் சூடேறிப்போனது.

அம்பத்தூரில் சாதி இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். வாடகைக்கு வீடு தேடிப் போனால் ஊர் எது, தெரு எது என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். டீக்கடையில் கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் அறுபது கிளாஸ் கைமாற வேண்டும். இது யாருடைய கிளாஸ் என்று பிரித்து வைத்தால் கடை ஓடாது. மலையாளி போடுகிற டீயைத் தெலுங்குக்காரரும் திருநெல்வேலிக்காரரும் வட ஆற்காட்டுப் பையனும் குடிக்கிறார்கள்; ஒருவர் ஊர்த் தெரு இன்னொருவருக்குத் தெரியாது. அவசரமும் அந்நியமும் சேர்ந்து, சட்டம் 1950இல் சொன்னதைத் தெருமுனையில் செய்து காட்டின. தொழிற்பேட்டை எனக்குக் கொடுத்தவற்றில் சம்பளத்துக்கு அடுத்தபடி இதைத்தான் வைப்பேன்.

அந்தக் கடையின் பாய்லரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மெஷின் வேலைக்காரன் கண்ணுக்கு அது நல்ல உருப்படி. செம்புத் தகட்டைச் சுருட்டிப் பித்தளைப் பற்றுவைத்த உருளை. நடுவில் மேலும் கீழும் திறந்த ஒரு குழாய். அதன் அடியில் சல்லடை, சல்லடை மேல் கரி. குழாயைச் சுற்றித் தண்ணீர். நெருப்பு வெளியே பரவாமல் தண்ணீருக்கு நடுவிலேயே எரிவதால் சூடு வீணாவதில்லை. கொஞ்சம் கரியில் காலை நாலு மணி முதல் ராத்திரி வரைக்கும் வெந்நீர் கிடைக்கும். உள்ளே ஒரு காசு போட்டிருப்பார் நாயர். தண்ணீர் கொதிக்கும்போது காசு தளதளவென்று ஆடும். சத்தம் அடங்கினால் கரி போட வேண்டும், அல்லது தண்ணீர் ஊற்ற வேண்டும். திரும்பிப் பார்க்காமலே காதால் பாய்லரை ஓட்டினார் மனுஷன். உட்புறம் ஈயம் தேய்ந்தால் செம்பு களிம்பு ஏறும். அதற்கு ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு தெருவில் வருவார். பிற்பாடு கேஸ் அடுப்பு வந்ததும் பாய்லர்கள் பழைய செம்பு விலைக்கு எடைக்குப் போயின.

டீ பட்டறைக்கு, காபி ஆபீசுக்கு. இது எங்கள் பேட்டையின் எழுதாத விதி. பெரிய கம்பெனியிலிருந்து பர்ச்சேஸ் ஆபீசர் வந்தால், முதலாளி பையனை அனுப்பி அம்பத்தூர் ஓ.டி. பக்கத்துச் சைவ ஹோட்டலிலிருந்து பிளாஸ்கில் காபி வாங்கிவரச் சொல்வார். தொழிலாளி காபி குடிப்பது சம்பள நாளில். டபராவையும் டம்ளரையும் மேஜையில் வைத்துவிட்டு, சர்வர் அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். முதல் தடவை அதை எப்படி ஆற்றுவது என்று பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். டிகாக்‌ஷன் வாசனை மூக்கில் ஏறியபோது, இதற்காகவா இத்தனை காலம் வாசலில் பலகை மாட்டி ஆளைத் தடுத்தார்கள் என்று தோன்றியது.

பிறகு அந்தக் காபியோடு எனக்குத் தொழில்முறை உறவும் வந்தது. எங்கள் பட்டறைக்கு எவர்சில்வர் ஃபில்டரின் அடித்தட்டுக்குத் துளை போடும் டை ஒன்று செய்யும் ஆர்டர் கிடைத்தது. காபி ஃபில்டர் என்பது இரண்டு பாத்திரம், ஒரு குடை, ஒரு மூடி, பார்த்தால் சாதாரணம். உயிர் அந்தத் துளைகளில் இருக்கிறது. துளை பெரிசானால் வெந்நீர் தூளை நனைக்காமலே இறங்கித் தண்ணியாக விழும். தூளும் கூட வரும். சின்னதானால் இறங்கவே இறங்காது. தகட்டின் கனத்தைவிடத் துளை சின்னதாக இருந்தால் பஞ்ச் ஒடிந்துபோகும் என்பது பிரஸ் வேலையில் பாலபாடம். அதனால் மெல்லிய தகடாகப் பார்த்துப் பிடித்து, ஊசி ஊசியாகப் பஞ்ச் வரிசை வைக்க வேண்டும். துளை குத்தும்போது பஞ்ச் வெளியேறுகிற பக்கத்தில் பிசிறு நிற்கும். அதைத் தேய்க்காமல் விட்டால் காபித்தூள் அதில் பிடித்துக்கொண்டு நாளடைவில் பாதித் துளை அடைத்துவிடும். உங்கள் வீட்டு ஃபில்டர் சரியாக இறங்கவில்லையென்றால் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அடைத்த துளைகள் தெரியும். வெறும் தட்டை அடுப்புத் தணலில் காட்டிச் சுட்டு, தட்டி எடுத்தால் திறக்கும். பாட்டிமார் செய்த வைத்தியம்தான் இது, சரியான வைத்தியம்.

தூள் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். சிக்கரி சேர்ப்பது ஏமாற்று வேலை என்று பலர் நினைக்கிறார்கள். சிக்கரி சேர்த்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, சிக்கரி 49ஐத் தாண்டக்கூடாது, அளவைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கொஞ்சம் சிக்கரி இருந்தால் டிகாக்‌ஷன் கெட்டியாக நிற்கும், பாலைத் தாங்கும். அரைக்கு அரை போட்டுவிட்டுக் காபி என்று சொல்லி விற்பதுதான் தப்பு. பொட்டலத்தைத் திருப்பிப் படித்து வாங்குங்கள்.

காசு விவகாரத்துக்கு வருகிறேன். டீக்கடையில் எல்லாருக்கும் கணக்கு நோட்டு உண்டு. ஒரு டீ, ஒரு மசால் வடை, ரெண்டு பொறை என்று எழுதிக்கொண்டே போவார்கள். சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின்படி ஆயிரம் பேருக்குக் குறைவான இடத்தில் மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் சம்பளம் தர வேண்டியிருந்தது. ஆயிரமோ அதற்கு மேலோ இருந்தால் பத்தாம் தேதி. எங்கள் பேட்டைக் கடைகளுக்கு ஏழாம் தேதி திருநாள். பெரிய ஆலை வாசலில் இருந்த கடைகளுக்குப் பத்தாம் தேதி. பெரிய கம்பெனியிலிருந்து பில் பாஸாகவில்லையென்று எங்கள் முதலாளிகள் சம்பளத்தை இழுத்தடித்த மாதங்களில் நோட்டைத் தாங்கிப் பிடித்தது கடைக்காரர்கள். வங்கி அண்டவிடாத காலத்தில் தொழிற்பேட்டைக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர்கள் இவர்கள். எந்தப் புள்ளிவிவரத்திலும் அந்தத் தொகை ஏறியதில்லை.

பெரிய ஆலைக்குள் இருந்த நண்பர்கள் கேன்டீன் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது எங்களுக்கு ஏக்கமாக இருக்கும். லாபம் வைக்காத விலை, மெனுவைப் பேச ஒரு கமிட்டி, அதில் தொழிலாளர் பிரதிநிதி. சாம்பாரில் பருப்பில்லை என்றால் யூனியன் கேட்கும். எங்களுக்கு மெஸ் இருந்தது. கொரட்டூர், மண்ணூர்பேட்டை, பாடிச் சந்துகளில் ஒரு விதவையோ, வேலை போன ஒரு ஆளோ வீட்டு முன்னறையில் நாலு பெஞ்சு போட்டு நடத்துவார்கள். மாதக் கார்டு. “அக்கா, இன்னிக்கு என்ன கொழம்பு?” என்று கேட்டுக்கொண்டே போய் உட்காருவோம். ஆவடியில் சாப்பாட்டின் நிறமே வேறு. தொழிற்சாலையும் ராணுவமும் மத்திய போலீஸ் முகாமும் இருந்ததால் வடக்கத்தியரும் மலையாளிகளும் நிறையப் பேர். சப்பாத்தியும் குருமாவும் சாயங்கால வழக்கமாக அங்கே முன்பே ஊன்றிவிட்டன.

இப்போது பேட்டையைப் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் வேறு யாருடைய கதையோ என்று தோன்றலாம். டன்லப் ஆலை இன்று பஸ் நிறுத்தத்தின் பெயராக மட்டும் நிற்கிறது. பட்டறை இருந்த பல இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள். உள்ளே ஃபுட் கோர்ட், பொத்தானை அமுக்கினால் காபி ஊற்றும் மெஷின். பூந்தமல்லி தாண்டிப் பெங்களூரு சாலையில் பித்தளை டபராவைப் பெரிதாக வரைந்த கும்பகோணம் டிகிரி காபிப் பலகைகள் வரிசையாக வந்தன. பித்தளையில் குடித்தால்தான் காபி என்று காரில் போகிறவர்கள் நம்புகிறார்கள். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. நல்ல காபிக்குத் தூளும் துளையும் பாலும் போதும். பேட்டையின் உள்தெருவில் கண்ணாடி கிளாஸ் குறைந்து காகிதக் கப் வந்தது. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய கப்புக்கு அரசு தடை போட்டும் அது முழுசாக ஒழியவில்லை. கழுவத் தண்ணீர் இல்லாத கடைக்காரர் வேறு என்ன செய்வார்? பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள்தான் இன்று பிரஸ்ஸில் நிற்கிறார்கள். அவர்களுக்காகப் பூரியும் உருளைக்கிழங்கும் வந்திருக்கிறது. ஊர் தெரியாத இடத்தில் எல்லாரோடும் சேர்ந்து நின்று குடிப்பது என்றால் என்ன என்று அவர்களில் சிலருக்கு என்னைப் போலவே தெரிந்திருக்கும்.

2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகம் தொடங்கியது. ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர் சாதம். 250க்குக் கீழே இருந்தவர்களுக்கு அரசு நேரடியாக நடத்திய கேன்டீன் என்றுதான் அதை நான் பார்த்தேன். மனசார வரவேற்றேன். 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கேன்டீனுக்கான எண்ணிக்கையை 250லிருந்து 100க்கு இறக்கியிருக்கிறது. காண்டிராக்ட் ஆட்களையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. நல்ல மாற்றம். ஆனால் பத்து இருபது பேர் பட்டறைகள் இன்னமும் கணக்குக்கு வெளியேதான்.

ஆகையால் தொழிற்பேட்டைகளைக் கவனிக்கும் சிட்கோவுக்கும் மாநகராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் கையில் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது அது. சாலையை அகலப்படுத்தும்போதும் மழைநீர் வடிகால் கட்டும்போதும் முதலில் இடிபடுவது டீக்கடை. அப்படி இடிக்கும் முன், தொழிற்பேட்டையின் ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு கடைக்கு அளந்து இடம் ஒதுக்குங்கள். ஒரு தண்ணீர்க் குழாயும், கிளாஸ் கழுவ ஒரு தொட்டியும், நிற்க நிழலும் கொடுங்கள். சட்டப்படி முதலாளி தராத கேன்டீனை அரை நூற்றாண்டாகச் சொந்தச் செலவில் நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு அது சலுகை ஆகாது, பாக்கிதான்.